ஒரு நாள் விலகி இருக்கவும்

மாணவியர் விடுதி, பொம்மிடி
6-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

மதி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. தொண்டைக் கரகரப்பும் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? குட்டி உதைக்கிறதா? அம்மாவுக்குத் தலைவலி குறைந்ததா? அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

வளைகாப்பு முடிந்து உன்னை நம் வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாளே நான் விடுதிக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் பேசலாம்தான். ஆனால் பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மாவோ “நல்லாருக்கேன், நீ படி” என்று சொல்லிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறாள். அதனால் இனி நமக்குக் கடிதம்தான். நீ பதில் எழுதியே ஆக வேண்டும்.

இருபத்தொன்றாம் தேதி பெங்களூரில் அம்மாவுக்கு எடுக்கப்போகும் ஸ்கேனைப் பற்றி உயிரியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் கையும் காலும் பெருத்து, குரல் கட்டையானபோது மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று மூக்கு வழியாக எடுத்தார்கள் அல்லவா? போன மாத எம்.ஆர்.ஐ.யில் அதே இடத்தில் மறுபடி ஏதோ தெரிகிறது. அது பழைய அறுவையின் தழும்பா, திரும்ப வளர்கிற கட்டியா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லையாம்.

இந்த ஸ்கேன் அதைச் சொல்லிவிடும். கட்டியின் செல்கள் மேல் ஏற்பிகள் என்று உண்டு. அப்பா பூ மார்க்கெட்டுக்கு அனுப்பும் மூட்டை அதற்கென்று உள்ள மண்டியில்தான் இறங்கும், வேறு கடையில் இறங்காது அல்லவா? அதைப்போல ஒரு மருந்து, அதற்குரிய ஏற்பி இருக்கிற இடத்தில்தான் இறங்கும். அந்த மருந்தோடு துளி கதிரியக்கத்தைச் சேர்த்து ஊசியில் ஏற்றுவார்கள். அது எங்கே போய் இறங்குகிறது என்று கேமராவில் பார்ப்பார்கள். கட்டியில் இறங்கினால் அங்கே மண்டி திறந்திருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒரு ஊசி போட்டு அடக்கிப் பார்க்கலாம். கட்டியாக இருந்தும் இறங்காவிட்டால் மறுபடி அறுவைதான். கண் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் இந்த முறை பார்வை போகலாம் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், ஸ்கேன் எடுத்த அன்று ஒரு நாள் கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தைகளிடமிருந்தும் விலகி இருக்கவும் என்று போட்டிருக்கிறது. அன்றைக்கு அம்மா பெங்களூரில் தீர்த்தம்மாள் சித்தி வீட்டிலேயே தங்கட்டும். மறுநாள் வந்தால் போதும். ஞாபகப்படுத்து.

உன் நலத்தையும் குட்டியின் உதையையும் விவரமாக எழுது.

உன் தங்கை,
வெண்மதி


இண்டூர்
14-7-2025

என் செல்லத் தங்கை மதிக்கு,

உன் கடிதத்தை அம்மாவும் அப்பாவும் கேட்க நானே உரக்கப் படித்தேன். மண்டிக் கணக்கைக் கேட்டு அப்பா, “கமிஷன் எவ்வளவாம்?” என்று கேட்டார். கண் நரம்பு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் கால் வீங்குகிறது. குட்டி பகலெல்லாம் தூங்கிவிட்டு, நான் படுத்தவுடன் எழுந்துகொள்கிறது.

நேற்று அதியமான்கோட்டையிலிருந்து அத்தை வந்திருந்தார். மருமகளைப் பார்க்கிற சாக்கில் சம்பந்தி வீட்டு அடுப்பையும் பார்த்துவிட்டுப் போவது கோவிந்தம்மாள் வழக்கம், உனக்குத் தெரியும். அப்பா வாய் தவறி ஸ்கேன் பேச்சை எடுத்துவிட்டார். கதிர் மருந்தை உடம்பில் ஏற்றுவார்கள், கர்ப்பிணிகள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று கேட்டதும் அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தாளில் ஒரு நாள் என்றுதான் இருக்கிறது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“தீட்டுல ஒரு நாள் தீட்டுன்னு ஏது? பொறந்த தீட்டே முப்பது நாளு. இதுக்கும் முப்பது நாளு ஆவணும். ரெண்டும் கலக்கக் கூடாது. போன வருசம் ஒண்ணு கலைஞ்சது போதும். இல்லீன்னா எம் மருமவள நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

கலைந்ததைச் சொன்னதும் என் வயிற்றில் கை வைத்துக்கொண்டேன். நீ சின்னப் பெண், உனக்கு இதெல்லாம் புரியாது. முதல் பிரசவம் தாய் வீட்டில் நடக்காவிட்டால் ஊர் யாரைப் பேசும் என்று யோசித்துப்பார்.

இதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு படிப்பை விடாதே. வெயிலில் அலையாமல் இரு.

பிரியமுடன்,
அக்கா பிரியதர்ஷினி


பொம்மிடி
27-7-2025

அன்பு அக்கா,

நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே முதல் இடைத்தேர்வு முடிந்தது. வேதியியல் சுமார்.

இருபத்தொன்றாம் தேதி முழுக்க எனக்குப் பாடமே ஏறவில்லை. இன்று போனில் அம்மாவிடம் கேட்டேன். “எல்லாம் ஆச்சு, கண்ணு” என்றாள். படத்தில் என்ன தெரிந்தது என்று கேட்பதற்குள் போன் அப்பாவிடம் போய்விட்டது. அவர் இந்த வருஷம் சாமந்தி நன்றாக வந்திருக்கிறது என்றார்.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். கட்டியில் மருந்து இறங்கியதா? டாக்டர் என்ன சொன்னார்? ஊசி எப்போது ஆரம்பம்? அம்மா பயந்தாளா? ஒன்றையும் விடாமல் எழுது. கெட்ட செய்தியாக இருந்தாலும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மதி


இண்டூர்
4-8-2025

அன்புள்ள மதிக்கு,

வீட்டில் யாவரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேதியியல் சுமார் என்றால் எனக்கெல்லாம் நூற்றுக்குத் தொண்ணூறு என்று அர்த்தம். அதனால் நான் கவலைப்படவில்லை.

அன்று விடியலில் அம்மாவும் அப்பாவும் பெங்களூர் போனார்கள். பஸ்ஸில் நல்ல கூட்டமாம். ஆஸ்பத்திரியில் சித்தியும் வந்து உடன் இருந்தாளாம். டாக்டரைப் பார்த்தார்கள், பேசினார்கள். சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக அம்மா என் காலைத் தூக்கி மடியில் போட்டு விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள். வேண்டாம், களைப்பாக இருப்பாய் என்றால் கேட்கிறாளா? வீக்கம் பாதி வடிந்துவிட்டது.

அம்மாதான் இப்போதெல்லாம் கொஞ்சம் கவனமில்லாமல் இருக்கிறாள். நேற்று வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சாம்பார் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். வயசாகுது என்று சிரிக்கிறாள். நாற்பத்து மூன்றெல்லாம் ஒரு வயசா? பூ மூட்டையை மட்டும் இன்னும் அவளேதான் டி.வி.எஸ்.ஸில் எடுத்துப் போகிறாள்.

குட்டிக்கு அதன் அப்பா, உன் மாமா, ஓசூரிலிருந்து இப்போதே ஒரு பொம்மை வாங்கி வந்துவிட்டார். அது குட்டியைவிடப் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


பொம்மிடி
10-8-2025

அக்கா,

நீயும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். இதைச் சடங்குக்காக எழுதவில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. முதலில் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். பிறகுதான் எண்ணெய் தேய்த்த இடம் உறுத்தியது. ஸ்கேன் எடுத்த அன்று உன் பக்கத்தில் வரக் கூடாது என்று அம்மாவுக்குத் தெரியும். அத்தை சொன்ன பிறகு அவள் முப்பது நாளைக்குப் பக்கத்தில் வரமாட்டாள். அப்படிப்பட்டவள் அன்று சாயங்காலமே உன் காலை மடியில் தூக்கி வைத்தாள் என்றால், ஸ்கேன் எடுக்கவே இல்லை. டாக்டரைப் பார்த்துத் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். குழந்தை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகு வருகிறேன் என்று சொல்லியிருப்பாள். இது உனக்கும் தெரியும். சரியா?

நிலையில் இடித்துக்கொள்வதும் கிண்ணத்தைத் தட்டுவதும் வயசு இல்லை. இரண்டு கண் நரம்புகளும் சேர்ந்து குறுக்கே போகிற இடம் பிட்யூட்டரிக்கு நேர் மேலே இருக்கிறது. கீழிருந்து கட்டி அழுத்தினால் முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேரே பார்ப்பது நன்றாகத் தெரியும். அதனால் ஆளுக்கே அது போவது தெரியாது, அல்லது தெரிந்தாலும் மறைத்துவிடலாம். அம்மா மறைக்கிறாள்.

அத்தையின் கணக்குத் தப்பு. அந்த மருந்தின் கதிர்வீச்சு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனால் பாதியாகிவிடும். பிறகு அதில் பாதி, பிறகு அதிலும் பாதி. மறுநாள் விடியும்போது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சாது. அது தீட்டு இல்லை அக்கா. தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் போக்குவதற்கும் நாள் பார்த்துக் கழிப்பதற்கும் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கட்டி குழந்தை பிறக்கும் வரை சும்மா இருக்காது.

உன் குழந்தைக்காக அம்மா கண்ணைக் கொடுக்கிறாள். நீ வாங்கிக்கொள்கிறாய். இப்படி எழுதுவது கொடுமை என்று தெரியும். அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

தயவுசெய்து அவளை டி.வி.எஸ். ஓட்ட விடாதே. உடனே பதில் எழுது.

வெண்மதி


பொம்மிடி
24-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதில் இல்லை. போன ஞாயிறும் இந்த ஞாயிறும் அப்பாதான் போனை எடுத்தார். நீ தூங்குகிறாய் என்றார். அம்மா தோட்டத்தில் இருக்கிறாள் என்றார். பின்னால் ஆள் பேசுகிற சத்தமும் ஏதோ வண்டி தள்ளுகிற சத்தமும் கேட்டது. நம் வீட்டில் அப்படிச் சத்தம் வராது.

நான் எழுதியது உன்னை நோகடித்திருந்தால் மன்னித்துவிடு. ஆனால் எழுதியதை நான் திரும்பப் பெறவில்லை. கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று மட்டுமாவது எழுது.

மதி


அதியமான்கோட்டை
1-9-2025

மதி கண்ணு,

உயிரோடு இருக்கிறோம். நான், குட்டி, அம்மா மூவரும். முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன் கடிதம் நாங்கள் விழுந்த மறுநாள் வந்தது. பதினொன்றாம் தேதி எனக்கு மாதாந்திரப் பரிசோதனை. பஸ் வரவில்லை என்று அம்மா டி.வி.எஸ்.ஸில் உட்காரச் சொன்னாள். மெதுவாகத்தான் போனாள். இடது பக்கச் சந்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்திருப்பாள் என்று வாயைத் திறக்கவில்லை. அவள் நேராகப் போய்க்கொண்டே இருந்தாள். டிராக்டர்காரர் ஒடித்துத் திருப்பியதால் பிழைத்தோம். நாங்கள் மண்ணில் சரிந்தோம். அம்மா எழுந்ததும் கேட்ட முதல் வார்த்தை, “எது வந்துச்சு?”

எனக்கு லேசாக உதிரம் கண்டது. தருமபுரியில் அட்மிட் செய்து வைத்திருந்தார்கள். குட்டியின் இதயத்துடிப்பைக் காட்டும் வரை அம்மா சுவரைப் பார்த்து நின்றாள். நீ போனில் கேட்டது அந்த வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சத்தம். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது அப்பா.

உன் கடிதத்தை அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன். நீ சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் தப்பு. அம்மாவின் பார்வை ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. ஸ்கேன் விஷயம் தெரியும். அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். சத்தியத்துக்காக மட்டும் நான் வாய் மூடவில்லை, மதி. போன வருஷம் கலைந்தபோது அத்தை வீட்டில் என் கையைப் பிடிக்க ஆள் இல்லை. இந்த முறை அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. குட்டி பிறக்கும் வரைதானே, கட்டி எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நம் வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோவை இங்கே விடச் சொன்னேன். அத்தை வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“மொதப் பிரசவத்துக்குப் பொறந்த வூட்ட வுட்டுட்டு இங்க வந்து நிக்கிறியே, ஊரு என்னாடி பேசும்?”

“நீங்கதான அத்த கூட்டிட்டுப் போறேன்னீங்க. நானே வந்துட்டேன். ஆட்டோ காசு மிச்சம்.”

“எம் மவங்கிட்ட கேட்டியா?”

“நீங்க கேளுங்க. அவரு உங்க பேச்சத்தான் கேப்பாரு.”

அவர் முறைத்த முறைப்பில் குட்டி இரண்டு உதை உதைத்தது. பிறகு அவரே என் பையை உள்ளே எடுத்துப் போனார். அன்று முதல் எனக்குக் கேழ்வரகுக் கஞ்சியும் பேச்சும் வேளை தவறாமல் கிடைக்கின்றன.

அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்: ஸ்கேன் எடுக்காமல் இந்த வாசலுக்கு வந்தால் நான் வெளியே வந்து பார்க்க மாட்டேன். அம்மா அழுதாளாம். எட்டாம் தேதிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நீ கோபப்பட்டது நல்லது.

உன் அக்கா


இண்டூர்
12-9-2025

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா எழுதுவது. நான் நலம். உன் நலத்துக்குச் சாமியை வேண்டுகிறேன். நான் எழுதிப் பல வருசம் ஆகிறது, தப்பு இருந்தால் டீச்சர் மாதிரி திருத்தாதே.

எட்டாம் தேதி போனோம். ஒரு ரூமில் கனமான டப்பாவுக்குள் இருந்து ஊசியை எடுத்து ஏற்றினார்கள். ஊசி போட்ட பெண் கன்னடத்தில் ‘பயபடபேடி அம்மா’ என்றது, பயப்படாதீங்க என்று அர்த்தமாம். கொஞ்ச நேரம் தனியாக உட்கார வைத்தார்கள். அப்புறம் மிசினுக்குள் படுத்தேன். வலி இல்லை. பயம்தான். இறங்க வேண்டும் இறங்க வேண்டும் என்று அதையே சொல்லிக்கொண்டு கிடந்தேன். ராத்திரி உன் சித்தி வீட்டில் தங்கினேன்.

மறுநாள் டாக்டர் படத்தைக் காட்டினார். மூக்குக்குப் பின்னால் நடு மண்டையில் கோலப் புள்ளி மாதிரி ஒன்று மஞ்சளாக எரிகிறது. தழும்பு இல்லை, கட்டிதான் என்றார். ஆனால் மருந்து நல்லா இறங்கியிருக்கிறது என்றார். நீ எழுதின மண்டி திறந்துதான் இருக்கிறது.

டாக்டர் விரலைப் பக்கத்தில் ஆட்டி ஆட்டிக் கேட்டார். எத்தனை நாளாகத் தெரியவில்லை என்றார். பொங்கலில் இருந்து என்று உண்மையைச் சொன்னேன். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். டாக்டர் நன்றாகத் திட்டினார். முதல் ஊசி போட்டாகிவிட்டது. ஒரு மாதத்தில் கட்டி சுருங்கிப் பார்வை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கத்திதான், தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் கேள். அதியமான்கோட்டையில் கண்ணைப் பற்றி மூச்சு விடாதே. உன் அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். சம்பந்திக்குத் தெரிந்தால் பிள்ளையை என் கையில் தர மாட்டார்கள். நான் சமாளித்துக்கொள்வேன்.

நல்லாப் படி.

உன் அம்மா
நிர்மலாதேவி


பொம்மிடி
17-9-2025

என் அம்மாவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

புள்ளி எரிந்தது என்று படித்ததும் சிரித்தேன். அடுத்த வரியிலேயே பயம் வந்தது. கட்டி இருக்கிறது என்பதற்காகச் சந்தோஷப்பட முடியுமா? ஆனால் மருந்துக்குப் போக இடம் இருக்கிறதே என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

அதியமான்கோட்டைக்கு நானாக எதையும் எழுத மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் சமாளிப்பேன் என்கிறாயே, அந்த வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை. பொங்கலிலிருந்து சமாளித்தாய். அதன் முடிவில் அக்கா மண்ணில் கிடந்தாள். இதற்கு மேல் எழுத எனக்கு வயது போதாது.

அடுத்த ஊசித் தேதியை மறக்காதே.

உன் மகள்,
மதி


அதியமான்கோட்டை
5-10-2025

சித்தி ஆகிவிட்ட மதிக்கு,

நீ சுகம்தானே? நாங்கள் இருவரும் சுகம். போன ஞாயிறு காலையில் பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. குரல் மட்டும் ஒரு பஸ்ஸுக்குப் போதும். அப்பா உன்னிடம் போனில் சொல்லியிருப்பார். போனில் சொல்லியிருக்க முடியாததை நான் எழுதுகிறேன்.

நேற்று அம்மா வந்தாள். அத்தைக்கு முப்பது நாள் கணக்கு இன்னும் போகவில்லை. உன் மாமா ஆஸ்பத்திரித் தாளை எடுத்து ‘ஒரு நாள்’ என்று இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகுதான் அத்தை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். அம்மா தரையில் உட்கார்ந்து எதிரே இருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் இடது பக்கம் நின்று, இந்தாங்க என்று நீட்டினார். அம்மா கையை அசைக்கவில்லை.

அத்தை கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

“ஏன் சம்பந்தி, பொட்டப் புள்ளன்னா கை நீளாதா?” என்றார் அத்தை.

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். அத்தைக்கு ஓரகத்தி முறையாகும் பெரியம்மாள், “அது இல்லடி, மருந்து ஏத்துன ஒடம்பு, தொடலாமா வேண்டாமான்னு யோசிக்கறாங்க” என்று நடுவில் வந்தார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அம்மா ஒரு தலையாட்டலில் தப்பித்திருக்கலாம். ஆமாங்க என்று சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் நம்பியிருப்பார்கள். அவள் தலையாட்டப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

“இல்லீங்க சம்பந்தி” என்றாள் அம்மா. “எனக்கு ரெண்டு பக்கமும் கண்ணு தெரியாது. நீங்க அங்க நின்னதே தெரியலீங்க. வண்டியில உங்க மருமவளத் தள்ளுனதும் அதனாலதான். ஊசி போட்டிருக்குது. திரும்புமா திரும்பாதான்னு டாக்டருக்கே தெரியாது. நேரா வந்து குடுங்க. நேரா இருந்தா நல்லாத் தெரியும்.”

அத்தை குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவ்வளவுதான், உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சுற்றி வந்தார். முட்டி வலியோடு அம்மாவுக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்கத் தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் இரண்டு கைகளையும் இழுத்து விரித்து அதில் குழந்தையை வைத்தார். தன் கைகளை அடியில் இருந்து எடுக்கவில்லை.

“இப்பத் தெரியுதா?”

“தெரியுதுங்க. மூக்கு உங்க மூக்கு.”

“அதுக்கென்ன பண்றது” என்றார் அத்தை.

எட்டாம் தேதி பெங்களூர் போகிறார்கள். கண்ணைச் சோதித்து, அடுத்தது ஊசியா கத்தியா என்று சொல்வார்களாம். துணைக்கு அத்தையும் போகிறாராம்; டாக்டரிடம் தானே கேட்டுக்கொள்கிறாராம். முடிவை அன்றைக்கே எழுதுகிறேன். எதையும் விடாமல் எழுதுகிறேன்.

குட்டியின் சார்பிலும்,
உன் அக்கா